குரலைக் கண்டுபிடியுங்கோ பாப்பம்

என்னைப் பயந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல விடுவதில்லை என்பதுதான் சரி. பயம் வருகிறது என்று தெரிந்தவுடன் முந்திக்கொண்டு ஒரு பகிடியை அவிழ்த்துவிடுவேன். கலியாண வீடுகளில் என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். வேலையிடத்தில் சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. இப்படியான ஒருவன் தன் வீட்டுத் தொலைபேசி மணி அடித்ததும் குளியலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, "நான் குளிக்கிறன், ஆராவது எடுங்கோ" என்று கத்தினான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அப்போது நான் உடுப்புப் போட்டு, சப்பாத்தும் போட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு அடுக்குமாடியில் நானும் மனைவியும் மகளும் இருந்தோம். தொலைபேசி சமையலறைச் சுவரில் தொங்கியது. அதன் சுருள் வயரை இழுத்து இழுத்து மகள் தன் அறைவரைக்கும் கொண்டுபோகப் பழக்கியிருந்தாள். அந்த நாட்களில் மட்டும் அவளுக்கு அது தடை. மனைவியின் தம்பி கொழும்பை விட்டுப் புறப்பட்டு மாதக்கணக்காகியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு அவனைக் களவாகக் கனடாவுக்குக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன், பயணிகள் கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கவும் விடமாட்டான். யாருடைய பேரும் விலாசமும் பிடிபடக்கூடாது என்று கட்டளை. ஆகவே மச்சான் எங்கள் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெளிக்கிட்டிருந்தான். தாய்லாந்திலிருந்து கடைசியாகக் கதைத்தபோது மனைவி அவனை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டாள். வாய்ப்பாடு சொல்லுகிற பிள்ளையைப் போலச் சொன்னான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் அவன் இருந்தான். அவனுக்கும் எங்களுக்கும் இடையில் அந்த இலக்கம் ஒன்றுதான் இருந்தது.

இந்த நேரம் பார்த்து ஊரில் என் மாமி, அப்பாவின் தமக்கை, காலமானார். நல்ல வயது, நல்ல சாவு. அவருடைய பிள்ளைகள் உலகம் முழுக்கச் சிதறியிருந்தார்கள். மூத்தவர் பிரான்ஸிலிருந்து இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுத்தார். படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்னாரின் அருமைப் புதல்வர்கள், மருமக்கள், பெறாமக்கள் எல்லாம் முடிந்து, அடியில் தொடர்புகளுக்கு என்று நாட்டுக்கு ஒரு இலக்கம். கனடாவுக்கு என்னுடையது. இலக்கம் இல்லாத மரண அறிவித்தலை எங்கள் ஆட்கள் மதிப்பதில்லை. துக்கம் விசாரிக்க வழி வைக்காமல் செத்தால் என்ன மரியாதை? அந்தப் பத்திரிகை ஸ்காபரோவின் ஒவ்வொரு மளிகைக் கடை வாசலிலும் இலவசமாகக் குவிந்து கிடந்தது. கருவேப்பிலை வாங்கப் போனவர்கள் எல்லோரும் என் வீட்டு இலக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

முதல் கிழமை உண்மையான துக்கக்காரர். அடுத்த கிழமை ஆயுள் காப்புறுதி விற்பவர்கள். "மாமியின்ரை பிரிவால வாடுறியள், விளங்குது அண்ணை. உங்கடை பிரிவுக்கு ஏதும் ஒழுங்கு செய்து வைச்சிருக்கிறியளோ?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஊரான அஜக்ஸில் மலிவாக வீடு இருக்கிறது என்று ஒருவர். தூர அழைப்புக்கு மலிவுத் திட்டம் என்று இன்னொருவர். கம்பளம் கழுவித் தருகிறோம் என்று எடுக்கும் வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருந்ததால் அவர்கள் அப்பாவைத்தான் கேட்பார்கள். கனடாவைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தவரிடம், உங்கள் கம்பளம் எப்படி இருக்கிறது என்று எத்தனை தடவை கேட்டார்களோ.

இதெல்லாம் தொல்லை, பயமில்லை. நான் குரலை மாற்றிக் கதைத்துச் சமாளித்தேன். ஒரு காப்புறுதிக்காரரிடம், பிரேதம் எடுக்கிற ஆளைப் போல அடித்தொண்டையில், "வணக்கம், மலர்ச்சாலை. உடல் எங்கை இருக்குது?" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து தொழில் செய்யலாம்" என்றார். அன்றைக்கு வெட்கத்தில் நான்தான் போனை வைத்தேன்.

பயம் வேறு வழியாக வந்தது.

ஒரு நாள் பின்னேரம் மணி அடித்தது. எடுத்தேன்.

"செத்த வீட்டுக்காரரோ?"

"ஓம், ஆர் கதைக்கிறது?"

"என்ன, தெரியேல்லையோ? குரலைக் கண்டுபிடியுங்கோ பாப்பம்."

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது. தொலைபேசியில் தன் பேரைச் சொல்லித் தொடங்குவது அந்நியனின் வேலை. சொந்தக்காரன் என்றால் குரலே அடையாளம். கேட்கிறவன் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால், "காசு பணம் வந்த உடனை எங்கடை குரலும் மறந்து போச்சு" என்ற கதை பாரிஸ் வரைக்கும் போகும். எனக்குக் காசும் வரவில்லை, பணமும் வரவில்லை. கெட்ட பெயராவது வராமல் பார்க்க வேண்டுமே. மூளையைக் கசக்கினேன்.

"அஜக்ஸிலை இருக்கிற பெரியண்ணையின்ரை மூத்தவனோ?"

ஒரு சின்னச் சிரிப்பு. "ஓம் எண்டு வையுங்கோவன்."

"அட, நீயோடா தம்பி! குரல் தடிச்சுப் போச்சு. சளி, தடிமனோ?"

"ஓம், கொஞ்சம் தடிமன். நீங்கள் இப்பவும் அங்கைதான் இருக்கிறியளோ?"

"வேறை எங்கை? பாலத்துக்குக் கிட்ட, அதே கட்டிடம், அதே எட்டாம் மாடி. லிப்ட் மட்டும்தான் அப்பப்ப மாறும், வேலை செய்யாமல்."

அவன் சிரித்தான். என் பகிடிக்கு யாராவது சிரித்தால் எனக்குக் கதவுகள் எல்லாம் திறந்துவிடும். நான் பின்னேர ஷிப்ட் எந்த நாட்களில் செய்கிறேன், மனைவி எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், மகள் பள்ளிக்கூடத்தால் வந்து தனியாக இருப்பாள் என்றெல்லாம் கேட்டது பாதி, கேளாதது மீதியாகச் சொன்னேன். "மச்சான் வாறாரெண்டு கேள்விப்பட்டம்" என்று அவன் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். "உவள் தம்பியை நினைச்சு ஒரே அழுகை. வழியிலை நிக்கிறான். எங்கை எண்டுதான் தெரியேல்லை."

"அப்பிடியோ" என்றான். அந்த "அப்பிடியோ"வில் ஏதோ ஒன்று சரியில்லை. சொந்தக்காரன் என்றால் ஏஜென்சி யார், எந்த வழி என்று இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பான். இவன் வெறுமனே மூச்சு விட்டான். பிறகு வைத்துவிட்டான்.

உடனே அஜக்ஸுக்கு எடுத்தேன். பெரியண்ணை சொன்னார், "அவன் உங்களுக்கு எடுக்கேல்லையே. நேற்றுத் தொட்டு மொன்றியலிலை எல்லோ நிக்கிறான்."

எட்டாம் மாடி என்று நானே சொல்லிக்கொடுத்த வீட்டின் கதவுச் சங்கிலியைப் போய்ப் போட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குள் புகுந்து நகை எடுத்த கதைகள் உலாவின. கதவைத் தட்டித் தமிழில் கூப்பிட்டார்களாம், ஆள் தெரிந்தவர் என்று நினைத்துத் திறந்தார்களாம். என் வீட்டில் எடுப்பதற்கு ஒரு தாலிக்கொடி, மகளின் ஒரு சோடித் தோடு, என் பகிடிகள். ஆனால் மகள் தனியாக இருக்கும் நேரத்தை நானே என் வாயால் சொல்லியிருந்தேன். அதைவிட மோசம் மச்சானின் கதை. தொலைபேசியில் கதைத்தவன் யாராவது காட்டிக்கொடுக்கிறவனாக இருந்தால்? வழியில் நிற்பவனை மறித்துத் திருப்பி அனுப்பினால்? திருப்பி அனுப்பப்படுகிறவர்களைக் கொழும்பு விமான நிலையத்தில் எந்தச் சீருடைக்காரர் வரவேற்பார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் மறுபடியும் எடுத்தான். அடுத்த நாளும் எடுத்தான். சில நாள் மூச்சு மட்டும். சில நாள் ஒரு வசனம். "இண்டைக்குப் பின்னேர ஷிப்ட் இல்லையோ?" ஒரு நாள் மகள் எடுத்தபோது, "மாமா வந்திட்டாரோ?" என்று கேட்டிருக்கிறான். அவள் அவனைச் சொந்தம் என்று நினைத்து, "நாட் யெட், அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள்.

"பொலீசுக்குச் சொல்லுவமே?" என்றாள் மனைவி.

"சொல்லி? எங்கடை மச்சான் களவாய் வந்துகொண்டிருக்கிறான், அவனைப் பற்றி ஒருத்தன் விசாரிக்கிறான் எண்டோ?"



பக்கத்துக் கதவில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் வேலை. அமைதியான மனிதர். அவரிடம் பாதிக் கதையைச் சொன்னேன். மச்சானை விட்டுவிட்டு மிச்சத்தை. "இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு டென்ஷன்?" என்றார். "போன் கம்பெனிக்கு ஒரு கால் பண்ணுங்க, நம்பரை மாத்திடுவாங்க. புக்லயும் போட வேணாம்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

முடிந்துதான் போகும். பழைய இலக்கத்தை எடுப்பவனுக்கு, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொல்லும். மச்சானுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அது விளங்கும்.

ஆகவே இலக்கம் இருந்தது, பயமும் இருந்தது. அழைக்கிறவரின் இலக்கத்தைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கித் தொலைபேசிக்குப் பக்கத்தில் பூட்டினேன். அவன் எடுக்கும்போதெல்லாம் அது இலக்கம் மறைக்கப்பட்டது என்று எழுதிக் காட்டியது. பயப்படு என்று எனக்கு எழுதிக் காட்ட ஒரு பெட்டி. பிறகு வீட்டுக்குச் சட்டம் போட்டேன். தொலைபேசியை எடுத்தால் "ஹலோ" தவிர ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. பேர் இல்லை, ஊர் இல்லை, வீட்டில் யார் நிற்கிறார் என்பது இல்லை. குரலைக் கண்டுபிடிக்கச் சொன்னால் வைத்துவிட வேண்டும். பேர் சொல்லாதவனுடன் கதை இல்லை. தெரியாத பேர் சொன்னாலும் கதை இல்லை. அழைக்கப்படுகிறவரின் செலவில் வரும் அழைப்பு என்றால், தெரிந்த பேர் இல்லாவிட்டால் ஏற்கவே கூடாது.

"அப்பா, பெரியம்மா மொன்றியலிலை இருந்து எடுத்து ஹவ் ஆர் யூ எண்டு கேட்டா," என்றாள் மகள். "நான் என்ன சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதை."

"ஐம் ஃபைன் எண்டு கூடச் சொல்லக்கூடாதா?"

"நீ ஃபைனா இல்லையா எண்டது எங்கடை குடும்ப விசயம்."

மனைவிக்கு ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. கதவுக்குக் குறுக்கே இரவில் சாப்பாட்டுக் கதிரையை வைக்கத் தொடங்கியிருந்தேன். அதிகாலையில் வேலைக்குப் போகும்போது அதிலேயே முழங்கால் அடிபட்டு, ஒரு கிழமையாக நொண்டினேன். வேலையிடத்தில் கேட்டவர்களுக்குப் பந்து விளையாடினேன் என்றேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.

மதியம். மனைவி கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்தாள். மகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. பெட்டியைப் பார்த்தேன், ஏதோ தெரியாத இலக்கம். எடுத்தேன். தொலைபேசி நிலையத்துப் பெண், அமெரிக்காவில் பஃபலோவிலிருந்து உங்கள் செலவில் ஓர் அழைப்பு, ஏற்பீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அழைப்பவர் பெயர் சொல்லும் இடத்தில் ஓர் ஆணின் கரகரத்த குரல் வந்தது. ஒரு மலையாளக் கிறிஸ்தவப் பேர். எங்கள் பரம்பரையில் அப்படி ஒருவரும் இல்லை. அந்தக் குரலும் நான் அறிந்த குரல் இல்லை.

"நோ" என்றேன். தெளிவாக, ஆண்மையாக. அந்தக் கிழமைகளில் நான் துணிச்சலாகச் சொன்ன ஒரே சொல்.

மனைவி உடுப்புக் கூடையுடன் வந்தாள். "ஆர் எடுத்தது?"

"ஆரோ மலையாளி. பஃபலோவாம். எங்கடை காசிலை கதைக்கப் பாக்கினம். நான் விடேல்லை."

கூடை அவள் கையிலிருந்து நழுவியது. துவாய்களும் மகளின் பள்ளிச் சட்டைகளும் வாசலில் பரவின.

"இஞ்சேருங்கோ," என்றாள். குரல் மெல்லியதாக, ஆனால் என்னை வெட்டிப் போடும் மாதிரி. "அவன் தன்ரை பேரிலையோ வருவான்? ஏஜென்சிக்காரன் குடுத்த பாஸ்போட்டிலை எல்லோ வருவான். போடருக்கு இஞ்சாலை வரும் வரைக்கும் நித்திரையிலை கூட அந்தப் பேர்தான் எண்டு படிப்பிச்சு விட்டிருப்பாங்கள்."

அந்தக் கணத்தை நான் எப்படிச் சொல்வது? பகிடி ஒன்றும் வரவில்லை. எங்கள் இலக்கத்தைத் தலைக்குள் சுமந்துகொண்டு எத்தனையோ நாடு கடந்து வந்தவன், எல்லைக்கு அந்தக் கரையில் ஒரு பொதுத் தொலைபேசிக்கு முன்னால் நின்று, அவனுடைய சொந்த அத்தானின் "நோ"வைக் கேட்டிருக்கிறான். திரும்ப எடுப்பானா? இடம் மாறிவிட்டார்கள் என்று நினைத்துவிடுவானா? பெட்டியில் கிடந்த இலக்கத்துக்குத் திருப்பி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மகள் வந்து தரையில் உட்கார்ந்து துவாய்களை மடித்தாள். யாரும் அவளை மடிக்கச் சொல்லவில்லை.

மணி அடித்தது. பாய்ந்தேன்.

மூச்சு.

"தம்பி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "தம்பி, நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. உன்னைக் கும்பிடுறன், லைனை விடு. எங்களுக்கு ஒரு அவசரக் கோல் வரக் கிடக்கு."

"ஆர் எடுக்கப் போறது, மச்சானோ?" என்றான் அவன். சிரிப்பு. "குரலைக் கண்டு..."

மனைவி என் கையிலிருந்து பறித்தாள். "டேய், இஞ்சை பார். நீ ஆற்றை மோனா இருந்தாலும் எனக்குக் காரியமில்லை. உன்ரை குரலைக் கண்டுபிடிக்கிறது எனக்கு வேலையுமில்லை. வையடா போனை!"

வைத்துவிட்டான். நான் கிழமைக்கணக்காகச் சட்டம் போட்டும் பெட்டி பூட்டியும் கதிரை வைத்தும் செய்யாததை அவள் ஒரு மூச்சில் செய்தாள். அவன் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. யார் என்று இன்றைக்கும் தெரியாது. களவெடுக்க வந்தவனா, வேலையில்லாத யாரோ ஒருவனா, உண்மையில் ஏதோ ஒரு சொந்தக்காரனா? கடைசியாகச் சொன்னது உண்மையாக இருந்தால், நான் இன்னும் பயப்பட வேண்டும்.

ஆனால் அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. மூன்று பேரும் சுவரில் தொங்கிய அந்தச் சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் சமையலறை யன்னலிலிருந்து இறங்கிப் போனது. மனைவி வேலைக்குப் போகவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு எடுக்கவும் பயந்தாள், லைன் பிடிபட்டுவிடும் என்று.

மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், வயதானது. பஃபலோவில் அகதிகளைத் தங்கவைக்கும் ஒரு விடுதியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அங்கே ஓர் இளைஞர் நிற்கிறார். உங்கள் இலக்கம் ஒன்றுதான் அவரிடம் இருக்கிறது என்றாள். கனடா எல்லையில் அகதிக் கோரிக்கை வைப்பதற்கு, அவரை ஏற்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆகவே, ஐயா, உங்கள் முழுப் பெயர் என்ன? விலாசம்? எத்தனையாம் மாடி? வீட்டில் எத்தனை பேர்? எங்கே வேலை செய்கிறீர்கள்? எந்த நேரங்களில் வீட்டில் இருப்பீர்கள்?

நான் வீட்டுக்குப் போட்ட சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண் கேள்வியாகக் கேட்டாள். இதுவும் ஒரு சூழ்ச்சியாக இருந்தால்? அந்த மூச்சுக்காரனுடைய ஆளாக இருந்தால்? மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மனைவி பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேரை எழுத்தெழுத்தாக. கட்டிட இலக்கத்தை இரண்டு தரம். தபால் குறியீட்டை. பின்னேர ஷிப்ட் எந்த நாட்கள் என்பதை. அவள் கேட்காமலே, லிப்ட் சில நாள் வேலை செய்யாது, படியால் வர வேண்டும் என்பதையும்.

"தாங்க்ஸ்," என்றாள் அவள். "இங்கே ஒருவர் உங்களுடன் கதைக்க விரும்புகிறார்."

"அத்தான்?"

அதே கரகரத்த குரல். உடைந்து போயிருந்தது. பிறகு நான் அறிந்தேன், அது தடிமன்தான். ஆனால் அந்த "அத்தானை" என்னால் எங்கும் கண்டுபிடிக்க முடியும்.

"ஓமடா, நான்தான். எங்கையடா நிக்கிறாய்? சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன். அத்தான், முதல் எடுக்கேக்கை ஏன் நோ எண்டு சொன்னனீங்கள்?"

"அது... பழகிப் பாத்தனான்," என்றேன். "கனடாவிலை முதல் எல்லாத்துக்கும் நோ எண்டுதான் சொல்லுவாங்கள். பிறகுதான் ஓம் வரும். நீ இப்பவே பழகிக்கொள்."

பகிடி திரும்பி வந்துவிட்டது. கண்ணால் தண்ணீரும் வந்தது. மனைவி ரிசீவரை வாங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து அழுதாள். அவனும் அழுதிருக்க வேண்டும். நான் சமையலறை மேசையில் போய் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தால் மனைவி ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "இஞ்சேருங்கோ, இவன் ஒரு வேலை செய்திருக்கிறான்."

"என்ன?"

"வழியிலை இவனோடை நிண்ட பெடியளுக்குக் கனடாவிலை ஒருத்தரும் இல்லையாம். பாவமெண்டு எங்கடை நம்பரை அவங்களுக்கும் பாடமாக்கிக் குடுத்திருக்கிறானாம்."

"எத்தினை பேர்?"

அவள் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "எண்ணேல்லையாம்."

"என்ன பேரிலை வருவாங்களாம்?"

"அது தெரியாதாம்."

அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பயம் போனதால் இல்லை. பயம் கூடியதால்தான். அதற்குப் பிறகு மணி அடிக்கும்போதெல்லாம், அது யார் என்பதல்ல, நான் எடுக்கமாட்டேனோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்குப் போகும்போது மகளிடம் சொல்லிவிட்டுப் போவேன்: எந்தப் பேர் வந்தாலும், எந்த நாட்டுப் பேர் வந்தாலும், அழைப்பை ஏற்பீர்களா என்று கேட்கிற பெண்ணிடம் ஒரே சொல்தான் சொல்ல வேண்டும். யெஸ்.